சொந்தத் தொழில் செய்பவருக்கு அமெரிக்காவில் ஹெல்த் இன்சூரன்ஸ்: முதலில் வருமானக் கணக்கு, அப்புறம்தான் பிளான்

2025 நவம்பரில் டாலஸ் பக்கத்தில் இருக்கிற ஒரு தம்பி கூப்பிட்டான். பத்து வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன், பேப்பர் போட்டுவிட்டான், டிசம்பர் 31 கடைசி நாள், ஜனவரியிலிருந்து சொந்தமாக கன்சல்டிங். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், இரண்டு பிள்ளைகள். "அண்ணா, வேலை கிடைக்குமாங்கிற பயம்கூட இல்ல, இந்த இன்சூரன்ஸ்தான் தூக்கத்தைக் கெடுக்குது, எந்த பிளான் எடுக்கலாம் சொல்லுங்க" என்றான். பிளானை அப்புறம் பார்க்கலாம், 2026-இல் செலவெல்லாம் போக உன் கையில் எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். "அது எப்படிண்ணா இப்பவே தெரியும்?"

தெரியாதுதான். ஆனால் தனியாகக் காப்பீடு வாங்க அரசு நடத்தும் சந்தையான மார்க்கெட்பிளேஸின் விண்ணப்பம் கேட்பது அந்த எண்ணைத்தான். மாதாமாதம் நீங்கள் கட்டப்போகும் தொகை அதிலிருந்துதான் வருகிறது. வருஷம் முடிந்து வரி தாக்கல் செய்யும்போது அந்த எண் தப்பு என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதும் நாம்தான். சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே கிடையாது, கம்பெனி தரும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் அவருக்காகப் பேசிவிடும். சொந்தத் தொழில் செய்கிறவர் வராத பணத்தை வைத்துக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்ட கதை பழையது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், விலைவாசி ஏறாமல் இருக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள், சம்பளத்தைக் கூட்ட முடியாததால், காப்பீட்டைக் காட்டி ஆட்களை இழுத்தன. அதற்குத் தடை இருக்கவில்லை. அப்புறம் 1954 வரிச் சட்டம், கம்பெனி கட்டும் பிரீமியம் ஊழியரின் வருமானத்தில் சேராது என்று எழுத்திலேயே போட்டுவிட்டது. அவ்வளவுதான், கம்பெனி வழியாக வாங்குவதுதான் வழக்கம் என்றாகிவிட்டது. தனியாகத் தொழில் செய்கிறவர் தனிச் சந்தையில் வாங்க வேண்டியிருந்தது, அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் உங்கள் உடம்பின் பூர்வீகத்தையே கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லின. சர்க்கரை இருந்தால், நெஞ்சுவலி வந்திருந்தால், சிலசமயம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலே, கிடையாது என்று கதவைச் சாத்த முடிந்தது. நம்மவர்களில் சர்க்கரை எட்டிப் பார்க்காத வீடு குறைவு. அந்தக் காலத்தில் எத்தனை பேர் தொழில் ஆசையை மடித்து வைத்துவிட்டு இன்சூரன்ஸுக்காகவே வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஊரில் எல்லோரும் ஒபாமாகேர் என்று சொல்வது, அதை மாற்றியது. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி மார்க்கெட்பிளேஸ் திறந்தது, 2014 ஜனவரியிலிருந்து காப்பீடு நடைமுறைக்கு வந்தது. இப்போது மார்க்கெட்பிளேஸில் உங்களுக்கு என்ன நோய் என்று யாரும் கேட்க முடியாது. விலையைத் தீர்மானிப்பது உங்கள் வயது, இருக்கும் ஊர், புகையிலைப் பழக்கம், எத்தனை பேர் சேர்கிறீர்கள், எந்த வகை பிளான், இவ்வளவுதான். வயது விஷயத்தில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரை விட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு. நியூயார்க்கிலும் வெர்மான்டிலும் வயதே கணக்கில் வராது. ஆள் வைக்காமல் தனியாளாகத் தொழில் நடத்துகிறவருக்கு, எல்.எல்.சி என்ற வகை நிறுவனமாகப் பதிந்திருந்தாலும் சரி, பொதுவாக இந்தத் தனிநபர் மார்க்கெட்பிளேஸ்தான் வாசல். சிறு நிறுவனங்களுக்கான குழுக் காப்பீடு வாங்க, உங்களையும் உங்கள் துணையையும் தவிர இன்னொரு ஊழியராவது வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி.

சரி, காசுக்கு வருவோம். முழு விலையைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். அதைக் குறைப்பது பிரீமியம் வரிச்சலுகை. இது வேலை செய்யும் விதம்: உங்கள் ஊரில் கிடைக்கும் சில்வர் பிளான்களில் (பிளான்களின் நான்கு வகைகளில் ஒன்று, கீழே சொல்கிறேன்) இரண்டாவது மலிவானதை அளவுகோலாக எடுப்பார்கள். உங்கள் வருமானத்தில் இத்தனை சதவீதம் நீங்கள் கட்டலாம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அளவுகோல் பிளானின் விலையில் உங்கள் பங்கு போக மீதியை அரசு நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டிவிடும். அந்தத் தொகையை வைத்து நீங்கள் சில்வரே எடுக்க வேண்டும் என்றில்லை, பிரான்ஸ் (bronze, வெண்கலம்) எடுத்தாலும் கோல்டு எடுத்தாலும் அதே தொகை கழியும்.

2021-இலிருந்து 2025 வரை ஐந்து வருஷம் இந்தச் சலுகை தாராளமாக இருந்தது. வருமானம் எவ்வளவு ஏறினாலும் அதில் 8.5 சதவீதத்துக்கு மேல் அளவுகோல் பிளானுக்குக் கட்ட வேண்டியதில்லை. இதை நீட்டிக்க வேண்டுமா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி 43 நாள் மத்திய அரசே முடங்கிக் கிடந்தது. நீட்டிக்காமலே அந்த வருஷம் முடிந்தது. அதனால் 2026-க்கு பழைய விதி திரும்பிவிட்டது: வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் சலுகை பூஜ்யம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்யமாவது கிடையாது, படியே இல்லாத மொட்டைமாடி விளிம்பு மாதிரி ஒரேயடியாக. 2026 காப்பீட்டுக்கு அந்தக் கோடு தனியாளுக்கு 62,600 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர். கோட்டுக்குக் கீழே, 300-இலிருந்து 400 சதவீதத்துக்குள் இருப்பவர் கட்ட வேண்டிய பங்கு வருமானத்தில் 9.96 சதவீதம்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம், நான்கு பேர் குடும்பத்துக்கு அளவுகோல் பிளான் மாதம் 1,900 டாலர். வருமானம் சரியாக 1,28,600 என்றால் உங்கள் பங்கு மாதம் 1,067 டாலர் சுமார், மீதி 833 அரசு கட்டும். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 10,000 டாலர். வருமானம் இன்னும் ஐந்நூறு டாலர் ஏறினால் அந்த 10,000 மொத்தமும் போய்விடும். டிசம்பர் கடைசி வாரம் வந்த ஒரு சின்ன இன்வாய்ஸ் பணம் இந்த வேலையைச் செய்துவிடும் என்பதைச் சம்பளக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. முன்கூட்டியே வாங்கிய சலுகை அதிகமாகிவிட்டால், வரி தாக்கலின்போது 8962 படிவத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் 400 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. எனக்கே அது ஒரு வருஷம் கைகொடுத்தது, அக்டோபரில் எதிர்பார்க்காத ஒரு பெரிய வேலை வந்து நான் சொன்ன எண் தப்பாகிப்போனது, வரம்பு இருந்ததால் பாதித் தொகையோடு தப்பித்தேன். 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2026 வருமானத்திலிருந்து, அதிகமாக வாங்கிய ஒவ்வொரு டாலரும் திரும்பப் போக வேண்டும். அதனால்தான் தம்பியிடம் பிளானைப் பற்றிப் பேசும் முன் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன்.

எந்த வருமானம் என்பதில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்களின் கூட்டுத்தொகை அது கிடையாது. தொழில் செலவெல்லாம் போன நிகர லாபம், அதிலிருந்து சொந்தத் தொழில் வரியில் பாதி, ஓய்வூதியக் கணக்கில் போட்ட பணம், ஹெச்.எஸ்.ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம், நீங்களே கட்டிய இன்சூரன்ஸ் பிரீமியம், எல்லாம் கழிந்து நிற்பதுதான். இந்த எண்ணை நீங்கள் நியாயமாகவே, சட்டப்படியே, கீழே இழுக்க முடியும். சம்பளக்காரரிடம் இல்லாத ஒரு கயிறு இது.

தம்பி சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு 1,50,000 பில் செய்வான், செலவு 18,000, நிகரம் 1,32,000. அவன் பார்வைக்கு 1,28,600-ஐத் தாண்டிவிட்டது, சலுகையே கிடையாது என்று முடிவு கட்டி வைத்திருந்தான். ஆனால் சொந்தத் தொழில் வரி 15.3 சதவீதத்தை நிகரத்தின் 92.35 சதவீதத்துக்குப் போட்டால் சுமார் 18,650 டாலர், அதில் பாதி 9,325 கழிகிறது. இப்போதே எண் 1,22,675-க்கு இறங்கிவிட்டது, கோட்டுக்குள் வந்தாயிற்று. ஹெச்.எஸ்.ஏ-வில் குடும்பத்துக்கு 2026 வரம்பான 8,750-ஐப் போட்டால் 1,13,925. பிரீமியத்தில் அவன் கையிலிருந்து கட்டும் பங்கு அதற்கு மேலும் கழியும். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அப்ப நான் சும்மா பயந்துட்டேனா?" என்றான். பயந்தது சரிதான், தப்பான எண்ணைப் பார்த்துப் பயந்தான்.

ஒரு எச்சரிக்கை: அவன் டிசம்பர் கடைசியில் விலகியதால் 2026-இல் சம்பளமே இல்லை. ஜூலையில் விலகுகிறவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை வந்த சம்பளமும் சேரும். போனஸ், பங்குகள் விற்ற லாபம், இந்தியாவில் வங்கி வைப்பில் வரும் வட்டி உட்பட அமெரிக்க வரிப் படிவத்தில் வருவதெல்லாம் சேரும். ஊர் வட்டியை நம் ஆட்கள் மறந்துவிடுவது வழக்கம்.

வருஷம் முடிந்த பிறகும் கயிறு கையில்தான் இருக்கும். எஸ்.இ.பி ஐ.ஆர்.ஏ என்ற ஓய்வூதியக் கணக்கில் வரி தாக்கல் கடைசி நாள் வரை, கால நீட்டிப்பு வாங்கியிருந்தால் அதுவரையிலும், முந்தைய வருஷத்துக்காகப் பணம் போடலாம். ஹெச்.எஸ்.ஏ-வுக்கு ஏப்ரல் 15 வரை. அதாவது பிப்ரவரியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது கோட்டை மூவாயிரம் டாலர் தாண்டியிருந்தால், அந்த மூவாயிரத்தை உங்கள் ஓய்வூதியத்திலேயே போட்டு உள்ளே வந்துவிடலாம். பிரீமியக் கழிவு மட்டும் கொஞ்சம் சுற்றல்: பிரீமியத்தைக் கழித்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் சலுகை கூடும், சலுகை கூடினால் கழிக்கும் பிரீமியம் குறையும், மறுபடி முதலிலிருந்து. வரித்துறையான ஐ.ஆர்.எஸ் இதற்கென்றே 2014-இல் ஒரு முறை வெளியிட்டது. நல்ல வரி மென்பொருள் பார்த்துக்கொள்ளும், ஆனால் விளிம்பில் நிற்பவர் ஒரு கணக்காளருக்குக் காசு கொடுத்துக் காட்டுவது வீண் செலவாகாது.

எதிர்ப்பக்கமும் ஒரு விளிம்பு உண்டு. முதல் வருஷம் லேப்டாப், கார், வீட்டு அறை என்று செலவுகளை அள்ளிக் கழித்து லாபத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கினால் வருமான வரி மிச்சம் என்று சந்தோஷப்படுவோம். ஆனால் வருமானம் வறுமைக்கோட்டுக்கே கீழே, தனியாளுக்கு 15,650 டாலருக்குக் கீழே இருக்கும் என்று விண்ணப்பத்தில் போட்டால் மார்க்கெட்பிளேஸ் சலுகை கிடையாது. அந்த நிலையில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு இருக்கிறதே என்றால், டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி அதை விரிவாக்காத மாநிலங்களில் பெரியவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே விழுந்தவருக்குக் கைகொடுக்க ஆளில்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது பிளான். பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்பது மருத்துவத்தின் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். செலவைப் பங்கு போடும் விதம்தான் அது. சராசரியாக பிரான்ஸ் 60 சதவீதம் ஏற்கும், சில்வர் 70, கோல்டு 80, பிளாட்டினம் 90. வருமானம் வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சில்வர் பக்கம் போங்கள், டிடக்டிபிளையும் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டுவது) கோபேயையும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) குறைக்கும் தனி உதவி சில்வரில் மட்டும்தான் கிடைக்கும். அதற்கு மேலே இருப்பவர் கோல்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த உதவிக்கான பணத்தை அரசு கம்பெனிகளுக்குக் கொடுப்பதை 2017 அக்டோபரில் நிறுத்தியது. கம்பெனிகள் அந்தச் செலவை சில்வர் விலையிலேயே ஏற்றிவிட்டன. அதன் விளைவாக டெக்சாஸில் பல ஊர்களில் கோல்டு பிளான் சில்வரை விட மலிவாகக் கிடைக்கிறது. பெயரைப் பார்த்து விலை அதிகம் இருக்கும் என்று கோல்டு பக்கமே போகாதவர்கள் இழப்பது நிறைய.

2026 ஜனவரியிலிருந்து மார்க்கெட்பிளேஸ் பிரான்ஸ் பிளான் எல்லாமே ஹெச்.எஸ்.ஏ-வோடு சேரும். முன்பு சில பிரான்ஸ் மட்டும் சேரும், தேடிப் பிடிக்க வேண்டும். விளிம்பில் இருக்கும் தம்பி மாதிரி ஆட்களுக்கு இது பெரிய விஷயம், அதனால்தான் அவன் பிரான்ஸ் எடுத்தான். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு மாதாமாதம் டாக்டரைப் பார்க்கும் தேவை இருந்தால் நான் பிரான்ஸைச் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல வருஷத்துக்கும் ஒரு கெட்ட வருஷத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். கெட்ட வருஷம் என்றால் பன்னிரண்டு மாத பிரீமியமும், சிகிச்சைக்கு உங்கள் கையிலிருந்து போகக்கூடிய தொகைக்குப் பிளான் வைத்திருக்கும் உச்ச வரம்பும் கூட்டியது. அந்த வரம்பு 2026-இல் தனியாளுக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200 டாலர் வரை போகலாம். அந்தத் தொகை ஒரு வருஷம் கையை விட்டுப் போனால் தொழில் நிற்குமா, நிற்காதா? பிளானைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நேரான கேள்வி இதுதான்.

நெட்வொர்க்கில், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள் வட்டத்தில், நான் சூடுபட்டவன். மார்க்கெட்பிளேஸில் பெரும்பாலானவை ஹெச்.எம்.ஓ அல்லது இ.பி.ஓ வகை, அவசர சிகிச்சை தவிர அந்த வட்டத்துக்கு வெளியே போனால் ஒரு பைசா வராது. மகளின் டாக்டர் இருக்கிறாரா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்தேன், பெயர் இருந்தது, எடுத்தேன். மூன்றாவது மாதம் முழு பில் வந்தது. அந்த டாக்டர் அதே கம்பெனியின் அலுவலக பிளானை மட்டும்தான் ஏற்கிறாராம், பட்டியலைத் திருத்தவில்லை. டாக்டர் ஆபீஸுக்கு போன் போட்டு "இந்த கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்பீர்களா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பிளானின் முழுப்பெயரையும் நெட்வொர்க்கின் பெயரையும் சொல்லி, மார்க்கெட்பிளேஸில் வாங்கியது என்றும் சொல்லிக் கேளுங்கள். தினம் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

காலக்கெடுவில் தளர்ச்சி கிடையாது. 2026-க்கு, மத்திய அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் (HealthCare.gov) தளத்தைப் பயன்படுத்தும் மாநிலங்களில் நவம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை கெடு இருந்தது, ஜனவரி முதல் தேதியே காப்பீடு வேண்டுமென்றால் டிசம்பர் 15-க்குள் சேர வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஜார்ஜியா போன்றவை சொந்தத் தளம் நடத்துகின்றன, தேதிகள் மாறும். நடுவில் வேலையை விட்டால், நீங்களே விலகியிருந்தாலும்கூட, காப்பீடு போனதற்கு 60 நாள் முன்னும் பின்னும் தனி வாய்ப்பு உண்டு. முன்னாலேயே விண்ணப்பித்துவிட்டால் ஒரு நாள்கூட இடைவெளி விழாது. கோப்ரா என்ற வழியில் பழைய பிளானையே பொதுவாக 18 மாதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு விலையில் 102 சதவீதம் வரை நீங்கள் கட்ட வேண்டும். கோப்ரா எடுத்துவிட்டு நாலாவது மாதம் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினால் அதற்காக மார்க்கெட்பிளேஸ் கதவு திறக்காது, அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். இதில் மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மனைவிக்கோ கணவருக்கோ சம்பள வேலை இருந்தால் முதலில் அந்தக் கம்பெனியின் பிளானைப் பாருங்கள். அதில் குடும்பத்தைச் சேர்க்க ஆகும் செலவு வருமானத்தில் 9.96 சதவீதத்துக்குள் இருந்தால் 2026-இல் உங்களுக்கு மார்க்கெட்பிளேஸ் சலுகை கிடையாது. அந்தப் பிளானில் சேரத் தகுதி இருந்த மாதங்களுக்குச் சொந்தத் தொழில் பிரீமியக் கழிவும் கிடையாது.

நம்மவர்களில் ஹெச்-4 இ.ஏ.டி-யில் (ஹெச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) சமையல், நடன வகுப்பு, டிசைன் வேலை என்று சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் கணிசம். சட்டப்படி இங்கே இருப்பவர்கள் என்ற அடிப்படையில் இதுவரை அவர்களுக்கும் வரிச்சலுகை கிடைத்தது. 2025 சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் சலுகை குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், இன்னும் ஓரிரு குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும்தான். பிளான் வாங்கலாம், முழு விலைக்கு. கிரீன் கார்டு வரிசையில் இருபது வருஷமாக நிற்கும் குடும்பம் வரியும் கட்டிக்கொண்டு இந்த உதவியையும் இழப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. 2026-இல் சலுகையில் இருப்பவர்கள் அந்த வருஷ நவம்பருக்குள் மாற்று யோசித்தாக வேண்டும்.

தேடும்போது மார்க்கெட்பிளேஸ் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அங்கே தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கூப்பிடுவார்கள். அதில் ஒருவர் மாதம் 200 டாலருக்கு முழுக் குடும்பத்துக்கும் என்பார். அது குறுகிய காலப் பிளானாகவோ, மதக் குழுக்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டமாகவோ, ஆஸ்பத்திரி நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் திட்டமாகவோ இருக்கும். பழைய நோய்களை விலக்கலாம், உங்கள் செலவுக்கு உச்ச வரம்பும் இல்லாமல் போகலாம். உதவி தேவையென்றால் தளத்திலேயே உங்கள் ஊரில் இருக்கும் உரிமம் பெற்ற முகவரையும் இலவச வழிகாட்டியையும் காட்டும். முகவருக்குக் கம்பெனிதான் கமிஷன் தருகிறது, அவர் வழியாக வாங்கினாலும் விலை ஒன்றுதான்.

தம்பி ஒரு எக்செல் தாள் போட்டிருக்கிறான். மாதாமாதம் வந்தது, போனது, மீதி, வருஷ முடிவில் எங்கே நிற்கும் என்ற ஊகம். வருமானத்துக்கு ஆதாரம் கேட்டால் இந்த மாதிரிக் கணக்குப் பதிவையே மார்க்கெட்பிளேஸ் ஏற்றுக்கொள்கிறது. பிப்ரவரியில் அவனுக்கு எதிர்பாராமல் இன்னொரு கிளையன்ட் கிடைத்தது. ஹெல்த்கேர் டாட் கவ் கணக்கைத் திறந்து வருமான எண்ணை ஏற்றிவிட்டு, மாதப் பிரீமியம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் எனக்கு போன் போட்டு அந்த நல்ல செய்தியைச் சொன்னான்.